அறுபதடி ரோடு யார் வீட்டுக்குள் போகிறது? – வாசகர் கேள்வி பதில்

வீடு கட்டப்போகிற இடத்தில் சாலைக் கோடு விழுந்திருக்கிறது, இல்லாவிட்டால் சாலை வரவேண்டிய இடத்தில் வீடுகள் வரப்போகின்றன. இந்த முறை வந்த கடிதங்களில் பல இதைச் சுற்றியே இருந்ததால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். பெயர்களையும் சர்வே எண்களையும் எடுத்துவிட்டேன். ஊர் மட்டும் இருக்கிறது.

கேள்வி: வணக்கம் ஐயா. பூந்தமல்லிக்கு மேற்கே ஒரு அடுக்குமாடித் திட்டத்தில் வீடு பார்த்து, இரண்டு லட்சம் ரூபாய் டோக்கன் கொடுத்துவிட்டோம். கட்டட வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை. பக்கத்து டீக்கடையில் "இந்த இடத்துக்குள்ளதான் அறுபதடி ரோடு வருது" என்கிறார்கள். பில்டரின் ஆளைக் கேட்டால், "அது பேப்பர்லதான் சார் இருக்கு, வரவே வராது" என்கிறார். மனைவிக்குப் பயம். மீதிப் பணத்தைக் கட்டலாமா? – ஒரு வாசகர், பூந்தமல்லி

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். டீக்கடையில் சொல்வதும் உண்மையாக இருக்கலாம், அந்த ஆள் சொல்வதும் உண்மையாக இருக்கலாம், ஆனால் உங்கள் சேமிப்பு முழுவதையும் போடுவதற்கு இரண்டுமே போதாது. வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள், இரண்டு மூன்று நாள் அலைச்சல்தான்.

"பேப்பரில்தான் இருக்கிறது" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். எந்தச் சாலையும் முதலில் பேப்பரில்தான் இருக்கும். சென்னை வெளிவட்டச் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர், அதற்காக ஒதுக்கிய நிலத்தின் அகலம் 122 மீட்டர். வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரை 2014-இல் திறந்தார்கள், அங்கிருந்து மீஞ்சூர் வரையிலான பகுதி 2021-இல்தான் திறந்தது. கோடு போட்டதற்கும் தார் போட்டதற்கும் நடுவில் எத்தனையோ வருடங்கள். அந்த வருடங்களில் ஒருவர், வராது என்று யாரோ சொன்னதை நம்பி அந்தப் பாதையில் ஒரு மனை வாங்கியிருந்தால் அவர் நிலைமை என்னவாகியிருக்கும்?

சரி, என்ன பார்க்க வேண்டும்? முதலில் கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் உட்பிரிவோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திட்டத்தின் பெயரை வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்திலும் ஒன்றும் தேட முடியாது. சர்வே எண் கிடைத்தால் வருவாய்த் துறையின் நில அளவைப் படம், அதாவது எஃப்எம்பி வரைபடம் ஆன்லைனிலேயே கிடைக்கிறது, நிலத்தின் வடிவமும் அளவும் அதில் தெரியும். அதை வைத்துக்கொண்டு சிஎம்டிஏவின், அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைபடத்தில் உங்கள் இடம் எது என்று பாருங்கள். 2008-இல் வந்த இரண்டாவது முழுமைத் திட்டத்தில் பெரிய சாலைகள் இருக்கும். சின்னச் சாலைகள் பெரும்பாலும் அதில் இருக்காது, அந்தப் பகுதிக்கென்று தனியாகப் போட்ட விரிவு அபிவிருத்தித் திட்டத்தில் இருக்கும், அப்படி ஒன்று உங்கள் பகுதிக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றாவதாக, இப்போது இருக்கிற சாலையையே அகலப்படுத்த வரைந்து வைத்திருக்கும் கோடு, அதை ஸ்ட்ரீட் அலைன்மென்ட் என்பார்கள். நான்காவது இடத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: நெடுஞ்சாலைத் துறையின் நில எடுப்பு. முழுமைத் திட்டத்தில் இல்லாத ஒரு சாலைக்கும் அந்தத் துறை தன் சட்டப்படி நிலம் எடுக்கலாம். சிஎம்டிஏ காகிதம் சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது, நில எடுப்புத் தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் அந்த சர்வே எண்ணைச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகு, சாலை உண்மையிலேயே அந்த இடத்தின் வழியாகப் போகிறது என்று தெரிந்தால்கூடப் பதறாதீர்கள். ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் அந்தச் சாலைப் பகுதியைத் தனியாக வெட்டி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, மீதி இடத்தில் கட்டடத்தைத் தள்ளி வைத்திருந்தால் உங்களுக்கு நல்லதுதான், வீட்டு வாசலுக்கே நல்ல சாலை வரப்போகிறது. அப்படி வெட்டிக் காட்டாமல், சாலைக் கோட்டின் மேலேயே பூங்கா, கார் நிறுத்தம், கிளப் ஹவுஸ் என்று விளம்பரப் படத்தில் வரைந்திருந்தால் அதுதான் ஆபத்து. விளம்பரப் படத்தையும் ஒப்புதல் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே பில்டர் கொடுத்த இரண்டு தாள்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் இருந்ததை நான் என் அளவைத் தொழிலில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஒன்று, உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. அந்தத் திட்டம் ரெராவில், அதாவது மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்கிறதா? நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தாலோ, வீடுகள் எட்டுக்கு மேல் இருந்தாலோ பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவே கூடாது, முன்பணம் வாங்கவும் கூடாது. பதிவாகியிருந்தால் ஒப்புதல் வரைபடத்தைத் தமிழ்நாடு ரெரா இணையதளத்திலேயே பார்க்கலாம். பதிவு செய்த ஒப்பந்தம் போடாமல் வீட்டின் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்குவதும் தவறு. விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பிப் பணம் கொடுத்தவர், திட்டத்திலிருந்து விலகிப் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம் என்று 2016 ரெரா சட்டத்தின் 12-ஆவது பிரிவு சொல்கிறது. எனவே "ரோடு வராது" என்று அந்த ஆள் சொல்வதை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எழுதிக் கொடுக்க மாட்டேன் என்றால் அதுவே உங்களுக்குப் பதில்.

கேள்வி: எங்கள் அப்பா காலத்து நிலம், ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் அதிகம். முப்பது வருடத்துக்கு முன் அதன் நடுவில் ஒரு திட்டச் சாலை என்று வரைபடத்தில் கோடு போட்டுவிட்டார்கள். இன்றுவரை நிலத்தை எடுக்கவும் இல்லை, பணம் தரவும் இல்லை. வீடு கட்ட அனுமதி கேட்டால் திட்டச் சாலை என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். தங்கை கல்யாணத்துக்கு விற்கப் பார்த்தோம், வாங்க வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அப்பா போன வருடம் தவறிவிட்டார். இப்போது ஒரு லே-அவுட்காரர் பாதி விலைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா? – ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், மனசு கனத்துப் போனது. கோவைப் பக்கம் திட்டச் சாலை என்ற வார்த்தையைக் கேட்டு ஓய்ந்துபோன குடும்பங்கள் உங்களைப் போல நிறைய.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இல் 38-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. முழுமைத் திட்டத்திலோ விரிவு அபிவிருத்தித் திட்டத்திலோ ஒரு நிலத்தைச் சாலைக்கென்றோ பூங்காவுக்கென்றோ ஒதுக்கி அரசிதழில் அறிவிப்பு வந்த தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள், அந்த நிலத்தை எடுப்பதற்கான அறிவிக்கையும் வரவில்லை, பேசி வாங்கவும் இல்லை என்றால், அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுவிக்கப்பட்டதாகவே கருத வேண்டும். சட்டத்தில் இருப்பது மூன்று வருடம், உங்கள் வீட்டில் முப்பது வருடம். சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் இந்தப் பிரிவைச் சொல்லி நிலத்தை விடுவித்திருக்கிறது.

ஆனால் சட்டம் சொல்லிவிட்டது என்பதற்காக வரைபடத்தில் இருக்கிற கோடு தானாக அழியாது. அலுவலக வரைபடத்தில் இருக்கிறவரை அடுத்து வருகிற அலுவலரும் அதையேதான் காட்டுவார். நீங்கள்தான் எழுத வேண்டும். உங்கள் உள்ளூர் திட்டக் குழுமத்துக்கு, சர்வே எண், திட்டத்தின் பெயர், அரசிதழ் அறிவிப்புத் தேதி எல்லாம் குறிப்பிட்டு, 38-ஆவது பிரிவின்படி ஒதுக்கீடு காலாவதியாகிவிட்டது, அதைப் பதிவு செய்து எங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வேண்டும் என்று பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நகலை நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கும் போடுங்கள். அரசிதழ்த் தேதி தெரியாவிட்டால் அதற்கு முன்னால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டு, அந்த சர்வே எண்ணில் நில எடுப்பு அறிவிக்கை ஏதாவது வந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வரவில்லை என்று அவர்களே எழுதிக் கொடுக்கிற அந்த ஒரு தாள்தான் பின்னால் நீதிமன்றத்தில் உங்களுக்குப் பலம். பதில் வராமலோ மறுத்தோ விட்டால் வக்கீலைப் பார்த்து ரிட் மனு போடலாம். இதெல்லாம் முடிகிறவரை கட்டடம் எழுப்பாதீர்கள், அனுமதி இல்லாத கட்டடம் என்று இன்னொரு சிக்கல் வந்து சேரும். முழுமைத் திட்டத்தைப் புதிதாகத் தயாரிக்கும்போது அதே கோடு மறுபடி முளைக்கவும் வாய்ப்பு உண்டு, வரைவு வெளியாகும்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள்.

பாதி விலைக்குக் கேட்கிறாரே, அவருக்கு 38-ஆவது பிரிவு தெரிந்திருக்கும். உங்களுக்குத் தெரியாது என்பதைத்தான் அவர் விலையாகப் பேசுகிறார்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். நகரத்துக்குச் சாலை வேண்டும், அதற்காக யாரோ ஒருவர் நிலம் கொடுத்தே ஆக வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அப்படியென்றால் எடுங்கள், 2013 நில எடுப்புச் சட்டப்படி சந்தை மதிப்பும் அதற்குச் சமமான ஆறுதல் தொகையும் கொடுத்து எடுங்கள். எடுக்கவும் மாட்டோம், விடவும் மாட்டோம் என்று ஒரு தலைமுறை முழுவதையும் காத்திருக்க வைப்பது அநியாயம். அந்தச் சாலையும் வரவில்லை, அந்தக் குடும்பமும் வாழவில்லை.

இன்னொன்று. நிலம் விடுபட்ட பிறகு நீங்களே மனை பிரித்து விற்கிற நாள் வந்தால், அந்தப் பழைய கோடு எங்கிருந்து எங்கே போக இருந்தது என்று பார்த்து, உங்கள் லே-அவுட் சாலையை அந்த இரு முனைகளும் சேருகிற மாதிரி விடுங்கள். இரண்டு பக்கமும் போக்குவரத்து உள்ள சாலையில் மனை நல்ல விலைக்குப் போகும், ஊருக்கும் ஒரு வழி கிடைக்கும்.

கேள்வி: எங்கள் லே-அவுட் சாலை வழியாகப் பின்னால் புதிதாக வந்த லே-அவுட்காரர்கள் போகிறார்கள். சங்கத்தில் கேட் போட்டுவிட்டோம். சண்டை போலீஸ் வரை போயிருக்கிறது. எங்கள் பணத்தில் போட்ட சாலைதானே? – சங்கப் பொறுப்பாளர் ஒருவர், தாம்பரம்

பதில்: கேட்டை எடுத்துவிடுங்கள். லே-அவுட் ஒப்புதலின்போதே அந்தச் சாலைகளைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள், அன்றிலிருந்து அது பொதுச் சாலை. பெரிய லே-அவுட்டில் பூங்காவுக்கு விட்ட பத்து சதவீத ஓஎஸ்ஆர் இடமும், அதாவது பொதுத் திறந்தவெளி இடமும் அப்படித்தான். உங்கள் மனையின் விலையில் அதன் செலவு சேர்ந்திருக்கலாம், ஆனால் உரிமை சேரவில்லை.

சட்டத்தை விட்டுவிட்டு யோசித்தாலும், பின்னால் இருக்கிறவர்கள் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும்? உங்கள் கேட் முன்னால் நின்று வாட்ச்மேனைக் கூப்பிட வேண்டுமா? லாரிகளும் வேகமும்தான் தொல்லை என்றால் வேகத்தடை கேட்டு மாநகராட்சிக்கு எழுதுங்கள், அது நியாயமான கோரிக்கை.

கேள்வி: ஓஎம்ஆரில் காரப்பாக்கம் பக்கம் குடியிருக்கிறோம். எங்கள் தெரு முப்பதடி. தெருக்கோடியில் பல நூறு வீடுகளோடு ஒரு பெரிய குடியிருப்பு வரப்போகிறதாம். இப்போதே காலையில் மெயின் ரோட்டில் ஏற இருபது நிமிடம் ஆகிறது. ஆட்சேபம் சொன்னால், "பத்து வருஷத்துக்கு முன்னாடி நீங்களும் இப்படித்தானே வந்தீங்க" என்கிறார்கள். எதிர்ப்பது தவறா? – ஒரு வாசகி

பதில்: தவறே இல்லை அம்மா. ஆனால் எதை எதிர்க்கிறோம் என்பதில் தெளிவாக இருக்க வேண்டும். வீடு வேண்டும் என்று வருகிறவர்களை எதிர்த்தால் அவர்கள் கேட்கிற கேள்விக்கு நம்மிடம் பதில் கிடையாது. சாலை இல்லாமல் வீட்டுக்கு மட்டும் அனுமதி கொடுப்பதை எதிர்த்தால், பத்து வருடத்துக்கு முன் வந்தவருக்கும் நாளைக்கு வரப்போகிறவருக்கும் சேர்த்துப் பேசுகிறோம்.

ஓஎம்ஆரின் நோய் என்னவென்று ஒரு முறை மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தாலே புரிந்துவிடும். ஒரே ஒரு பெரிய சாலை, அதிலிருந்து மீன் முள் மாதிரி இரண்டு பக்கமும் குறுக்குத் தெருக்கள். அந்தக் குறுக்குத் தெருக்கள் பலவற்றுக்கு முடிவில் வழியில்லை. கிழக்கே போனால் பக்கிங்காம் கால்வாய், அதைத் தாண்டினால்தான் ஈசிஆர், தாண்டப் பாலங்கள் மிகக் குறைவு. மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் ஏரிகளும். பழைய பஞ்சாயத்து நாளில் வயலுக்கு மாட்டு வண்டி போன பாதைதான் பல இடங்களில் இன்றைய தெரு. ஒவ்வொரு நிலச் சொந்தக்காரரும் தன் நிலத்தை விற்க, வாங்கியவர் அந்த நிலத்தின் அளவுக்குக் கட்ட, பக்கத்து நிலத்தோடு தெருவை இணைக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் பக்கத்துத் தெருவில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போவதற்குக்கூட மெயின் ரோட்டில் ஏறி, அடுத்த தெருவில் இறங்க வேண்டியிருக்கிறது. மெட்ரோ வேலைக்காக நடுவில் தடுப்பு போட்டதும் ஊரே திணறுகிறதென்றால் வேறு வழி எதுவுமே இல்லாததுதான் காரணம்.

நான் லைசென்ஸ் சர்வேயராக வேலை ஆரம்பித்த புதிதில், ஒரு புறநகரில் மூன்று லே-அவுட்டுகள் வரிசையாக வந்தன, மூன்று வெவ்வேறு ஆட்கள். மூன்றையும் நானும் என் குருவும்தான் அளந்தோம். முதல் லே-அவுட்டில் முப்பதடிச் சாலை எல்லைக்கல் வரை வந்து நின்றது. இரண்டாவதில் அதற்கு நேராக ஒரு மனை, சாலை இருபதடி தள்ளி. மூன்றாவதில் சுற்றுச்சுவர். இருபதடி தள்ளி வரைந்தால் மூன்றும் சேர்ந்துவிடும் என்று நான் சொன்னேன், ஒரு மனை போய்விடும் என்றார்கள். இன்றைக்கு அங்கே தீயணைப்பு வண்டி போக வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அன்றைக்கு இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்கலாமே என்று இப்போதும் நினைக்கிறேன்.

சரி, உங்கள் தெருவுக்கு வருவோம். எவ்வளவு உயரம், எவ்வளவு பரப்பு கட்டலாம் என்பதைச் சாலையின் அகலத்தோடுதான் நம் விதிகள் கட்டிப்போட்டிருக்கின்றன. இப்போது நடைமுறையில் இருப்பவை 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ 2, அதாவது எல்லா மாடிகளையும் சேர்த்து நிலப்பரப்பின் இரண்டு மடங்கு வரை கட்டலாம். உயர்மாடிக் கட்டடத்துக்கு 18 மீட்டர், நம் கணக்கில் அறுபதடிச் சாலை இருந்தால் 3.25 வரை போகலாம். பணம் கட்டி வாங்குகிற பிரீமியம் எஃப்எஸ்ஐயும் சாலை அகலத்தைப் பார்த்து 30, 40, 50 சதவீதம் என்று ஏறும். உங்கள் முப்பதடித் தெருவில் ஒருவர் மாடி மேல் மாடியாகக் கட்டப்போகிறார் என்றால், எந்தச் சாலையைக் காட்டி அந்த அனுமதியைக் கேட்கிறார் என்பதுதான் முதல் கேள்வி. சில சமயம் பின்பக்கம் வேறொரு பெரிய சாலையைத் தொடுகிற ஒரு துண்டு நிலத்தை வாங்கிச் சேர்த்து, அதைக் காட்டி அனுமதி வாங்கிவிட்டு, கட்டி முடித்ததும் கார்களை உங்கள் தெரு வழியாக விடுவார்கள். ஒப்புதல் வரைபடத்தில் நுழைவு வாசல் எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

உயர்மாடிக் கட்டடத்துக்குத் தேவையான அந்த அகலம் மனையின் முன்னால் மட்டும் இருந்தால் போதாது, குறைந்தது 500 மீட்டர் நீளத்துக்கு இருக்க வேண்டும் என்றும் விதி. நல்ல விதி. டேப் பிடித்து அளந்து பாருங்கள், வேண்டுமானால் ஒரு சர்வேயரை வைத்து அளந்து, படத்தோடு சிஎம்டிஏவுக்கு எழுதுங்கள். நெரிசல் என்று மட்டும் எழுதினால் மனு கோப்பில் போய்ச் சேர்ந்துவிடும், இந்த இடத்தில் அகலம் இவ்வளவுதான் என்று மீட்டரில் எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும். ஆனாலும் எனக்கு இந்த விதியில் ஒரு குறை உண்டு. அது அந்த ஒரு சாலையின் அகலத்தைத்தான் பார்க்கிறது. அதே சாலையில் இன்னும் எத்தனை திட்டங்கள் வரிசையில் நிற்கின்றன, எல்லோரும் காலை எட்டரை மணிக்கு எந்தச் சந்திப்பில் போய் முட்டுவார்கள் என்பதைப் பார்ப்பதில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு திட்டமும் விதிப்படி சரி, சேர்த்துப் பார்த்தால் யாரும் வீட்டை விட்டு வெளியே வர முடியாது.

சாலைதான் எல்லாவற்றுக்கும் மருந்து என்றும் நினைத்துவிடாதீர்கள். பல்லாவரம்–துரைப்பாக்கம் இருநூறடிச் சாலை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஊடாகத்தான் போகிறது. 2022-இல் ராம்சார் என்ற உலகச் சதுப்பு நிலப் பட்டியலில் சேர்ந்த நிலம் அது. மழைத் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் வீடும் கூடாது, சாலையும் கூடாது. உங்கள் பகுதிக்குக் கேட்க வேண்டியது இணைப்புத் தெருக்களும் கால்வாயைத் தாண்டும் பாலங்களும்தான். புதிதாக வருகிற அந்தக் குடியிருப்பையே, உன் நிலத்தின் ஓரமாக ஒரு பொதுச் சாலை விட்டு இந்தத் தெருவையும் அடுத்த தெருவையும் இணைத்துக் கொடு என்று அனுமதியின்போதே நிபந்தனையாகக் கேட்கும்படி சிஎம்டிஏவுக்கு எழுதுங்கள். அப்படிச் செய்தால் அவர்கள் வருவதால் உங்களுக்கும் ஒரு வழி பிறக்கும். கட்டி முடித்த பிறகு கேட்டால் நடக்காது.

கேள்வி: நான் பி.ஆர்க் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சாலையா வீடா என்ற சண்டை இல்லாமல் எங்காவது செய்து காட்டியிருக்கிறார்களா சார்? – ஒரு மாணவி, மதுரை

பதில்: செய்திருக்கிறார்கள் அம்மா, நம் நாட்டிலேயே. அகமதாபாத்தில் நகர அமைப்புத் திட்டம் என்று ஒரு முறை, டி.பி. ஸ்கீம் என்பார்கள். நூறு ஹெக்டேர் அளவில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு எல்லோருடைய நிலத்தையும் காகிதத்தில் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். அதில் முதலில் சாலை, பூங்கா, பள்ளிக்கூடம் எல்லாம் வரைந்துவிட்டு, மீதியை அவரவர் கொடுத்த பங்குக்கு ஏற்றபடி ஒழுங்கான வடிவத்தில் திருப்பித் தருகிறார்கள். நிலம் கொஞ்சம் குறையும், ஆனால் ஒவ்வொரு மனையும் சாலையைத் தொடும், அதனால் மதிப்பு ஏறும். ஒருவர் நிலம் முழுவதும் சாலைக்குப் போய், பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் பணக்காரர் ஆகிற கொடுமை இதில் கிடையாது, எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் கொடுக்கிறார்கள். அந்த நகரத்தைச் சுற்றி 76 கிலோமீட்டர் சர்தார் படேல் சுற்றுச்சாலைக்கான நிலத்தில் பெரும்பகுதியை இந்த வழியில்தான் திரட்டினார்கள்.

இது குஜராத்துக்கு மட்டும் தெரிந்த வித்தை என்று நினைத்துவிடாதே. அங்கே இதன் வேர் 1915-ஆம் ஆண்டு பம்பாய் நகர அமைப்புச் சட்டம். நம்மிடம் 1920-லேயே சென்னை நகர அமைப்புச் சட்டம் இருந்தது, அந்தக் காலத்தில்தான் தியாகராய நகரைத் தெருக்களும் பூங்காக்களுமாக வரைந்தார்கள். பெரிய ஏரி ஒன்றை மூடி அங்கே ஊர் அமைத்தது தப்பு என்று இன்று நமக்குத் தெரிகிறது, ஆனால் தெரு வரைந்த விதத்தில் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. அண்ணா நகருக்கு ஒருநாள் போய்ப் பார். வீட்டுவசதி வாரியம் சாலையை வரைந்துவிட்டு மனையைப் பிரித்தது, அதனால் ஒரு தெருவில் தோண்டினால் அடுத்த தெருவில் போகலாம். உன் ஆய்வறிக்கைக்குத் தலைப்பு தேடுகிறாய் என்றால், மதுரையின் புறநகரில் அடுத்தடுத்து இருக்கிற நாலு லே-அவுட்டுகளை எடுத்து அவற்றின் சாலைகள் எல்லையில் சேருகின்றனவா என்று அளந்து பார். யாராவது செய்ய மாட்டார்களா என்று நான் ரொம்ப நாளாகக் காத்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் கிராமம் திருவள்ளூர் பக்கம். சென்னைப் பெருநகர எல்லைக்குள் எங்கள் ஊரும் வந்துவிட்டது என்கிறார்கள். நிலத்தரகர்கள் தினமும் வருகிறார்கள். எங்கள் வயலிலும் கோடு போடுவார்களா? முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா? – ஒரு விவசாயி

பதில்: உண்டு ஐயா. நேரத்தை மட்டும் தவற விடக் கூடாது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 2022-இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரித்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய பரப்புக்குத் திட்டம் போடும்போது கோடுகள் வரத்தான் செய்யும், சில உங்கள் ஊர் வயல்களிலும் விழலாம். இப்போது நிலம் காலியாக இருக்கிறது, சாலை எங்கே போக வேண்டும் என்று ஊரே உட்கார்ந்து பேச முடிகிற காலம் இதுதான். தரகர்கள் வாங்கிப் பிரித்துவிட்ட பிறகு, ஓஎம்ஆரில் நடந்ததுதான் உங்கள் ஊரிலும் நடக்கும்.

ஒரு திட்டத்தின் வரைவை வெளியிட்டால் ஆட்சேபம் சொல்ல அவகாசம் தர வேண்டும் என்பது சட்டம், முழுமைத் திட்டத்துக்கு அது குறைந்தது இரண்டு மாதம். அறிவிப்பு அரசிதழிலும் பத்திரிகையிலும்தான் வரும், வயலுக்கு வந்து யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் உங்கள் பட்டா, எஃப்எம்பி நகல் இரண்டையும் இப்போதே எடுத்து ஒரு கவரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வரைவு வந்ததும் சர்வே எண்ணை வைத்துப் பார்த்து, கோடு விழுந்திருந்தால் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து ரசீது வாங்குங்கள். வேண்டாம் என்று மட்டும் எழுதாமல், பக்கத்தில் வண்டிப்பாதை இருக்கிறது, புறம்போக்கு இருக்கிறது, அந்த வழியாகக் கொண்டுபோகலாம் என்று ஒரு மாற்றுப் பாதையை வரைந்தே கொடுங்கள். ஏரிக்கரையும் வரத்துக் கால்வாயும் எங்கே இருக்கின்றன என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த அலுவலகத்தில் இருக்க முடியாது, அவற்றையும் குறித்துக் கொடுங்கள்.

அதற்கு முன்னால், அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து ஒன்று கேளுங்கள்: எங்கள் ஊரின் வரைபடத்தையும், வரைவு வந்ததும் அதன் நகலையும் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒட்ட வேண்டும் என்று. கேட்டதைத் தீர்மானமாக எழுதச் சொல்லி, கையெழுத்துப் போட்ட நகல் ஒன்றை வாங்கிக்கொண்டு வாருங்கள்.